பேச்சு வராத குழந்தையின் மனசைப் புரிந்துகொள்வது எப்படி? முதல் ஒரு வருடத்துக்கான முழுமையான வழிகாட்டி

ஆறு மாதக் குழந்தை ஒன்று கிலுகிலுப்பையைக் கடித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் கிடக்கும் பந்தை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு அம்மா, "என்ன செல்லம், இது வழவழன்னு இருக்கா? உனக்கு இதுதான் பிடிச்சிருக்கா?" என்கிறார். இன்னொரு அம்மா, "போதும், உனக்கு அலுத்துப்போச்சு, பந்து வேணும்" என்று கிலுகிலுப்பையை வாங்கிக்கொண்டு பந்தை நீட்டுகிறார். இரண்டு பேரும் பிள்ளை மேல் உயிரையே வைத்திருப்பவர்கள்தான். இரண்டு பேரும் பேசுவது குழந்தையின் மனசைப் பற்றித்தான். ஆனால் முதல் அம்மா குழந்தையைப் பார்த்துவிட்டுச் சொன்னார். இரண்டாவது அம்மா தனக்குத் தோன்றியதைச் சொன்னார்.

பிரிட்டிஷ் உளவியல் ஆய்வாளர் எலிசபெத் மெய்ன்ஸ் இந்த வித்தியாசத்தைத்தான் பல வருடங்களாக ஆராய்ந்தார். ஆறு மாதக் குழந்தைகளோடு அம்மாக்கள் விளையாடுவதைப் படம் பிடித்து, குழந்தையின் நினைப்பையும் உணர்வையும் பற்றி அவர்கள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் இரண்டாகப் பிரித்தார்: பொருந்தியவை, பொருந்தாதவை. 2001இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முடிவு இது: பொருந்திய பேச்சு அதிகம் கேட்ட குழந்தைகள், ஒரு வயதில் அம்மாவிடம் பாதுகாப்பான பிணைப்போடு, அதாவது பயமோ வருத்தமோ வந்தால் அம்மாவிடம் ஆறுதல் கிடைக்கும் என்ற நம்பிக்கையோடு, இருப்பதற்கு வாய்ப்பு கூடுதல். தொடர்ந்து செய்த ஆய்வுகளில், அதே குழந்தைகள் நான்கு வயதை ஒட்டி அடுத்தவர் மனசில் என்ன இருக்கும் என்று யோசிப்பதிலும் முன்னே நின்றார்கள். குழந்தையைத் தனக்கென்று ஒரு மனசு உள்ள ஆளாகப் பார்க்கும் இந்தப் பழக்கத்துக்கு அவர் வைத்த பெயர் மைண்ட்-மைண்டட்னெஸ்.

"பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. தானாகத் தெரிந்துவிடும் என்று நம்பி, தெரியாதபோது "நான் நல்ல அம்மா இல்லையோ" என்று உள்ளுக்குள் உடைந்துபோகிறவர்கள் நிறைய. குழந்தையின் மனசை யாரும் நேரடியாகப் பார்த்துவிட முடியாது. பார்ப்பது, ஊகிப்பது, வாய்விட்டுச் சொல்வது, சரியா என்று குழந்தையிடமே சோதிப்பது, இல்லையென்றால் ஊகத்தை மாற்றிக்கொள்வது. இதுதான் வேலை. யாரும் பழகிக்கொள்ளலாம்.

முதல் படி: குழந்தை இப்போது எந்த நிலையில் இருக்கிறது?

மனசுக்குப் போகும் முன் உடம்பைப் பாருங்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் டி. பெர்ரி பிரேசல்டன் 1973இல் வெளியிட்ட பச்சிளங்குழந்தை மதிப்பீட்டு முறை ஆறு நிலைகளைச் சொல்கிறது: ஆழ்ந்த தூக்கம், லேசான தூக்கம், தூக்கக் கலக்கம், அமைதியான விழிப்பு, துறுதுறுப்பான விழிப்பு, அழுகை.

இதில் அதிகம் ஏமாற்றுவது லேசான தூக்கம். பிறந்த குழந்தையின் தூக்கத்தில் ஏறக்குறைய பாதி இந்த வகைதான். மூடிய இமைக்குள் கண் உருளும், வாய் கோணும், முனகல் வரும், கால் உதைக்கும், ஒரு சின்ன அழுகைகூட வந்துவிட்டுப் போகும். எழுந்துவிட்டது என்று நினைத்துத் தூக்கினால், நாமே தூக்கத்தைக் கலைத்ததாகிவிடும். கண் மூடியிருந்தால் ஒரு நிமிடம் பக்கத்திலேயே காத்திருங்கள். உண்மையாகவே எழுகிற குழந்தையின் சத்தம் ஏறிக்கொண்டே போகும். இல்லாவிட்டால் தானே அடங்கிவிடும்.

பேச்சுக்கும் பழக்கத்துக்கும் ஏற்றது அமைதியான விழிப்பு. கண் அகலத் திறந்து பளிச்சென்று இருக்கும், உடம்பு அசையாது, மூச்சு சீராக இருக்கும். முதல் வாரங்களில் இது ஒரு தடவைக்குச் சில நிமிடங்கள்தான் நிற்கும், பெரும்பாலும் பால் குடித்த பிறகு. அப்போது உங்கள் முகம் 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கட்டும். பிறந்த குழந்தைக்கு அந்தத் தூரம்தான் ஓரளவு தெளிவாகத் தெரியும். பால் கொடுக்கும்போது முகத்துக்கும் முகத்துக்கும் உள்ள இடைவெளியும் ஏறக்குறைய அதுதான்.

துறுதுறுப்பான விழிப்பில் கை கால் ஓயாது, முகம் சுருங்கி விரியும். விளையாட்டுக்குத் தயாராகிவிட்டது என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் அது பசியோ களைப்போ சத்தம் தாங்காமையோ, ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டிருக்கிறது என்பதன் அறிகுறி. அழுகைக்கு முந்தைய படி அதுதான்.

இரண்டாம் படி: கை நீட்டும் முன் பாருங்கள்

குழந்தை சிணுங்கிய நொடியே கை போய்விடுகிறது. அதற்கு முன் இரண்டு மூச்சு விடும் நேரம் நின்று, முகம், கண், கை மூன்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

பசி என்றால் உதட்டைச் சப்பும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், கன்னத்தில் எது பட்டாலும் அந்தப் பக்கம் வாயைத் திறந்துகொண்டு திரும்பும். அழுகை பசியின் கடைசி அறிகுறி. அதுவரை போய்விட்டால் முதலில் அமைதிப்படுத்தினால்தான் குடிக்கவே வரும்.

தூக்கம் என்றால் பார்வை எங்கோ நிலைகுத்தும், கண்ணைக் கசக்கும், கொட்டாவி விடும், சற்று முன்புவரை ரசித்த பொம்மையே எரிச்சல் மூட்டும்.

நாம் தப்பாகப் படிப்பதில் முதலிடம், குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வதுதான். நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்த மூன்று மாதக் குழந்தை திடீரென்று தலையைத் திருப்பிச் சுவரைப் பார்க்கிறது. "என்ன, அம்மாவைப் பிடிக்கலையா?" என்று அந்தப் பக்கம் முகத்தைக் கொண்டுபோகிறோம், சொடக்குப் போடுகிறோம், குரலை உயர்த்துகிறோம். குழந்தை இன்னும் தள்ளித் திரும்புகிறது, முதுகை வளைக்கிறது, கடைசியில் அழுகிறது. நடந்தது இதுதான்: உங்கள் முகமும் குரலும் அதற்கு அவ்வளவு பெரிய சந்தோஷம், அந்தப் படபடப்பை இறக்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. அது தன் மனசைத் தானே ஆற்றிக்கொள்ளக் கற்ற முதல் வித்தைகளில் ஒன்று அந்தத் திரும்பல். வாயை மூடிக்கொண்டு, முகத்தில் இலேசான சிரிப்போடு அதே இடத்தில் இருங்கள். பெரும்பாலும் சில நொடியில் தானே திரும்பி உங்களைத் தேடும். அப்போது தொடருங்கள். விரல்களை விரித்து நீட்டுவது, தும்மல் விக்கல் என்று அடுத்தடுத்து வருவது, தோல் நிறம் மாறுவது எல்லாம் சின்னக் குழந்தைகளில் "போதும்" என்பதன் வேறு வடிவங்களாக இருக்கலாம்.

மூன்றாம் படி: ஊகியுங்கள், ஆனால் ஆதாரத்தோடு

ஊகத்துக்கு மூன்று கேள்விகள் போதும். இதற்குச் சற்று முன் என்ன நடந்தது? கண் எங்கே இருக்கிறது? தூங்கியும் குடித்தும் எவ்வளவு நேரமாகிறது?

அப்புறம் நான்காவதாக உங்களிடமே ஒரு கேள்வி: இது குழந்தையின் மனசா, என் மனசா? வீட்டில் ஆள் கூடியிருக்கும்போது நமக்குச் சங்கடமாக இருந்தால், "இவனுக்குக் கூட்டம்னாலே ஆகாது" என்று சொல்லிவிடுவது எளிது. குழந்தையோ ஒவ்வொரு முகமாக வாய் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும். நமக்குக் கவலையாக இருக்கும் நாளில் அதன் முகத்திலும் கவலை தெரிவது போல் இருக்கும். மெய்ன்ஸின் ஆய்வுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று, பொருந்திய பேச்சு அதிகம் பேசும் அம்மா பொருந்தாததைக் குறைவாகப் பேசுவார் என்று உறுதியில்லை. இரண்டும் தனித்தனிப் பழக்கங்கள். அதனால் நிறையப் பேசினால் மட்டும் போதாது.

குழந்தையின் தலையில் ஏற்றவே கூடாத நினைப்புகளும் உண்டு. "வேணும்னே அழறா", "நடிக்கிறான்", "என்னைப் படுத்தறதுக்குன்னே முழிச்சிருக்கு." சில மாதக் குழந்தையால் திட்டம் போட்டு ஒருவரை வருத்த முடியாது, அதற்கு வேண்டிய யோசனைத் திறன் அப்போது கிடையாது. அரை வயதைத் தாண்டிய குழந்தைக்கு, அழுதால் அம்மா வருவார் என்று தெரிய ஆரம்பிக்கும். அது தந்திரம் இல்லை, நம்பிக்கை. உடனே தூக்கினால் கெட்டுப்போகும் என்ற பயமும் வேண்டாம். அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வீடு வீடாகப் போய்க் கவனித்த உளவியல் ஆய்வாளர்கள் மேரி எய்ன்ஸ்வர்த்தும் சில்வியா பெல்லும் 1972இல் எழுதியது இதற்கு நேர் மாறு: முதல் மாதங்களில் அழுகைக்கு உடனே பதில் கிடைத்த குழந்தைகள், வருடக் கடைசியில் குறைவாகவே அழுதார்கள்.

நான்காம் படி: வாய்விட்டுச் சொல்லுங்கள்

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுமையம், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மனசுக்குள் நினைத்துக்கொண்டால் போதாதா? போதாது. வாய்விட்டுச் சொல்லும்போது நம் ஊகம் நம் காதிலேயே விழுகிறது, சரியா தவறா என்று சோதிக்க முடிகிறது. குழந்தைக்கோ முதலில் அது வெறும் குரல்தான். ஆனால் சாதாரணக் குரல் இல்லை. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட சோதனையில், பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள், சப்பும் வேகத்தை மாற்றினால் அம்மாவின் குரல் கேட்கும் என்று அறிந்து, அதற்கேற்ப மாற்றிச் சப்பின. அந்தக் குரல் மாதக்கணக்கில் உணர்வோடு சேர்ந்து சேர்ந்து வரும்போது, உள்ளே நடப்பதற்குப் பெயர் உண்டு என்பது குழந்தைக்குப் பிடிபடுகிறது.

டயப்பர் மாற்றும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். குழந்தையைப் படுக்க வைக்கிறீர்கள். அது ஜன்னல் பக்கம் பார்க்கிறது. "அங்க என்ன தெரியுது? வெளிச்சம் ஆடுதா? அதைத்தான் பார்க்கணுமா உனக்கு?" நிறுத்துங்கள். அதுவும் ஒரு சத்தம் போடலாம். ஈரத்துணி பட்டதும் உடம்பு விறைக்கிறது, கீழ் உதடு பிதுங்குகிறது. "ஆமா, ஜில்லுன்னு இருந்துச்சு, திடுக்குன்னுச்சு இல்ல? பிடிக்கல உனக்கு." கையின் வேகத்தைக் குறைக்கிறீர்கள், துணியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்குகிறீர்கள். அடுத்த தடவை துணி படுவதற்கு முன்பே, "மறுபடியும் தொடப்போறேன்" என்று சொல்லி ஒரு நொடி விட்டுத் தொடுகிறீர்கள். இதற்குத் தனியாக நேரம் எதுவும் செலவாகவில்லை, எப்படியும் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் அந்தச் சில நிமிடத்தில் குழந்தை ஒரு பொருளாகத் துடைக்கப்படவில்லை, ஒரு ஆளாகக் கேட்கப்பட்டது.

எதைப் பற்றிப் பேசுவது? வேண்டும் என்பது, பிடிக்கும் பிடிக்காது என்பது, யோசிப்பது, ஞாபகம் வைத்திருப்பது, பயம், வியப்பு, சலிப்பு. "காலை உதைக்கிறான்" என்பது உடம்பைப் பற்றிய பேச்சு. "தண்ணின்னா உனக்கு அவ்வளவு சந்தோஷமா?" என்பது மனசைப் பற்றியது. முடிந்தவரை கேள்வியாகவோ "போல இருக்கே" என்றோ சொல்லுங்கள். "உனக்குக் கோபம்" என்று தீர்ப்புச் சொல்வதைவிட "கோபமா வருதா?" என்பதில் திருத்திக்கொள்ள இடம் இருக்கிறது.

குரலும் முகமும் சொல்லைவிட முக்கியம். குழந்தை அழும்போது அதன் வருத்தம் ஒரு நொடி உங்கள் முகத்தில் தெரியட்டும்: புருவம் ஏறி, "அச்சச்சோ" என்று குரல் இறங்கி. ஆனால் நீங்களும் சேர்ந்து பதறிவிடக் கூடாது. புரிந்தது என்பதும், தாங்கிக்கொள்ளக் கூடியதுதான் என்பதும் ஒரே முகத்தில் தெரிய வேண்டும். சந்தோஷத்திலும் அதேதான். குழந்தை கட்டையைத் தரையில் தட்டும் தாளத்துக்கு உங்கள் குரல் "டும்... டும்... டூம்!" என்று ஏறினால், அதன் செயலை அல்ல, அதன் உற்சாகத்தையே பிடித்துவிட்டீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர் டேனியல் ஸ்டெர்ன் 1985இல் விரிவாக எழுதியது இந்த ஒத்திசைவைப் பற்றித்தான்.

ஓயாமல் பேசவும் வேண்டாம். பியாட்ரிஸ் பீபியும் சக ஆய்வாளர்களும் நான்கு மாதக் குழந்தைகளின் குரல் தாளத்தையும் அம்மாக்களின் குரல் தாளத்தையும் நுணுக்கமாக அளந்தபோது, பாதுகாப்பான பிணைப்போடு சேர்ந்து வந்தது நடுத்தரமான ஒத்துப்போதல்தான். ஒவ்வொரு அசைவையும் விடாமல் துரத்துவது நல்லதில்லை.

ஐந்தாம் படி: பதிலைப் பாருங்கள்

ஊகத்தைச் சொல்லி, அதற்கேற்ப ஒன்றைச் செய்தீர்கள். இப்போது குழந்தையின் முறை. உடம்பு தளர்ந்தால், கண் உங்கள் மேல் வந்து நின்றால், சத்தத்தின் சுருதி மாறினால் சரியான இடத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள். விறைப்பு கூடினால் வேறு ஊகம். "பசின்னு நினைச்சேன், இல்லையா? சரி, தூக்கமா இருக்குமோ?" என்று அதையும் சொல்லிக்கொண்டே மாற்றுங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பால், ஆட்டம், பாட்டு, கிலுகிலுப்பை என்று ஒரே நிமிடத்தில் நான்கையும் செய்தால் எது உதவியது என்று உங்களுக்கும் தெரியாது, களைத்த குழந்தைக்கு அது இன்னும் சுமை. எதுவுமே எடுபடாவிட்டால் விளக்கைக் குறைத்து, நெஞ்சோடு அணைத்து, சும்மா இருங்கள். காரணம் தெரியாமலே கூட இருப்பதும் பதில்தான்.

ஆறாம் படி: தவறினால் திரும்பி வாருங்கள்

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் எட்வர்ட் ட்ரோனிக் 1978இல் வெளியிட்ட 'அசையா முகம்' சோதனை பலருக்கும் தெரிந்திருக்கும். விளையாடிக்கொண்டிருந்த அம்மா திடீரென்று முகத்தில் எந்த உணர்ச்சியும் காட்டாமல் உட்கார்கிறார். குழந்தை சிரித்துப் பார்க்கிறது, கை நீட்டுகிறது, பிறகு தலையைத் திருப்பிக்கொண்டு துவண்டுபோகிறது. அந்தக் காட்சியைப் பார்த்துப் பயந்துபோகிறவர்கள் அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். சாதாரணமான, நல்லபடியாக இருக்கும் தாயும் சேயும்கூட முகத்தோடு முகம் விளையாடும் நேரத்தில் சுமார் 30 சதவீதம்தான் ஒத்துப்போகிறார்கள். மீதி நேரமெல்லாம் தவறுவதும் மறுபடி சேர்வதும்தான். பிரிந்தது மறுபடி சேரும் என்ற நம்பிக்கை குழந்தைக்கு வருவது அந்தத் திரும்பி வருதலில்தான்.

ஆகவே போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிமிர்ந்தால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருக்கிறதா? "கூப்பிட்டுக்கிட்டே இருந்தியா? நான் கவனிக்கலை. இதோ வந்துட்டேன்." அவ்வளவுதான். அதற்கு மேல் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம்.

மாதம் ஏற ஏற

மூன்று மாதம் வரை வேலையெல்லாம் ஆறு நிலைகளோடுதான். பொதுவாக 6 முதல் 8 வாரத்தில் முகம் பார்த்துச் சிரிப்பு வரும். அழுகையும் ஆறாவது வாரத்தை ஒட்டித்தான் உச்சிக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் தணியும். அந்த உச்சத்தில் சில அழுகைக்குக் காரணமே கண்டுபிடிக்க முடியாது. அது உங்கள் தோல்வி இல்லை.

நான்கு முதல் ஆறு மாதத்தில் குழந்தையின் பார்வை உங்கள் முகத்தை விட்டுப் பொருள்களுக்குப் போகும். சில அம்மாக்களுக்கு இது வலிக்கும். அது பார்ப்பதை நீங்களும் பாருங்கள், அதைப் பற்றிப் பேசுங்கள், கவனத்தை உங்கள் பக்கம் இழுக்காதீர்கள்.

ஏழு எட்டு மாதம் தாண்டியதும் புது ஆளைக் கண்டால் பயம், நீங்கள் அறையை விட்டுப் போனால் அழுகை. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நீங்கள் எங்கோ இருக்கிறீர்கள் என்று இப்போது அதற்குத் தெரியும், திரும்பி வருவீர்களா என்பதுதான் தெரியாது. சொல்லாமல் நழுவிப் போகாதீர்கள். "அம்மா போறேன், உனக்குப் பிடிக்கல, வந்துடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழுதாலும் சொல்லிவிட்டுப் போவதே மேல்.

ஒரு வயதை நெருங்கும்போது விரல் நீட்டிக் காட்ட ஆரம்பிக்கும். எல்லாச் சுட்டலும் "அது வேணும்" இல்லை. பல சமயம் "நீயும் பாரேன்" என்பதுதான். எடுத்துக் கொடுக்கும் முன் அதன் கண்ணைப் பாருங்கள்: பொருளுக்கும் உங்களுக்குமாகப் பார்வை மாறி மாறி வந்தால், அது கேட்பது பொருளை அல்ல, உங்கள் வியப்பை.

உங்கள் மனசு நிறைந்திருக்கும்போது

தூக்கமில்லாத அம்மாவால் யார் மனசையும் படிக்க முடியாது. அழுகை தாங்க முடியாத எல்லைக்குப் போனால், குழந்தையைப் பத்திரமான இடத்தில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டுச் சில நிமிடம் வெளியே வந்து மூச்சு விடுங்கள். எந்த நிலையிலும் குழந்தையைக் குலுக்கக் கூடாது. மூளையில் காயமாகி உயிருக்கே ஆபத்தாகும்.

பிள்ளை பெற்ற பிறகு இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகையும் வெறுமையும் நீடித்தால், குழந்தையைப் பார்த்தால் எதுவும் தோன்றவில்லை என்றால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். இந்த மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க 1987 முதல் பயன்பாட்டில் உள்ள எடின்பரோ அளவுகோலில் பத்தே கேள்விகள், சில நிமிடத்தில் மருத்துவர் பார்த்துவிடுவார். சிகிச்சை உண்டு. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காமல் சொல்லுங்கள்.

குழந்தைக்கும் ஊகத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டிய நேரங்கள் உண்டு. மூன்று மாதத்துக்குள் 38 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ காய்ச்சல், வழக்கத்துக்கு மாறான கிறீச்சென்ற அழுகை, எழுப்பியும் எழாத சோர்வு என்றால் உடனே. மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, பெரிய சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை, ஒன்பது மாதமாகியும் பெயர் சொன்னால் திரும்பவில்லை என்றாலும் காட்டிவிடுங்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மாதக் கணக்கைப் பிறந்த நாளிலிருந்து போடாமல், பிறக்க வேண்டிய நாளிலிருந்து போட வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது

நாள் முழுக்க இப்படி இருக்க முயல வேண்டாம். தினமும் நடக்கும் ஒரு வேலையை, குளிப்பாட்டுவதையோ டயப்பர் மாற்றுவதையோ, தேர்ந்தெடுத்து ஒரு வாரம் அதில் மட்டும் ஆறு படிகளையும் செய்து பாருங்கள். அது கைவந்த பிறகு பால் கொடுக்கும் நேரம், பிறகு தூங்க வைக்கும் நேரம் என்று விரியட்டும்.

அப்பாவோ பாட்டியோ பார்த்துக்கொள்பவரோ, யாரும் இதைச் செய்யலாம். ஒவ்வொருவரிடமும் குழந்தை ஒவ்வொரு முகம் காட்டும், அதனால் அவர்கள் ஊகம் உங்களுடையதிலிருந்து வேறுபட்டால் உடனே மறுக்காதீர்கள். குழந்தையை ஒப்படைக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் "எவ்வளவு குடிச்சான், எத்தனை மணிக்குத் தூங்கினான்" என்பதோடு இன்னும் இரண்டு கேட்டுக்கொள்ளுங்கள்: இன்றைக்கு எதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்? எதற்கு முகம் சுளித்தான்?